மாட் செய்த பயாஸால் மதர்போர்டு நின்றுபோனால்: மீட்கும் வழிகளில் எதை, எப்போது தேர்ந்தெடுப்பது?

பழைய மதர்போர்டு என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக வேண்டும், ஆதரவுப் பட்டியலில் இல்லாத பிராசஸரை ஏற்க வேண்டும், மறைத்து வைக்கப்பட்ட அமைப்புகள் திரையில் தெரிய வேண்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒருசேர அணுகுவது) கிடைக்க வேண்டும் என்று பயாஸை (மதர்போர்டின் சிப்பில் இருந்து கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளை) மாட் செய்வதற்கு, அதாவது திருத்தி எழுதுவதற்கு, பல காரணங்கள் உண்டு. எழுதி முடித்து ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு கணினி வழக்கம்போல் எழாவிட்டால், அதை மீட்க ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி மாட்டுவதிலிருந்து சிப்பைச் சால்டரிங் செய்து மாற்றுவது வரை அவை நீளுகின்றன. பெரும்பாலோர் எளிதானதில் தொடங்கிக் கடினமானதை நோக்கி ஒவ்வொன்றாக முயல்கிறார்கள். இந்த வரிசை நியாயமாகத் தோன்றினாலும், சிப்பின் மீது நடக்கும் ஒவ்வொரு புதிய எழுத்தும் அதில் எஞ்சியிருந்த பழைய தகவலை அழிக்கக்கூடியது என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. ஆகவே, சிப்பின் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது, திருத்துவதற்கு முன் அதே சிப்பிலிருந்து எடுத்த டம்ப் (முழு நகல்) கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிப்புக்குள் என்ன இருக்கிறது

நாம் பயாஸ் என்று பொதுவாகச் சொல்வது, எட்டுக் கால்கள் கொண்ட ஓர் எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பில் இருக்கும் பல பகுதிகளில் ஒன்று மட்டுமே. இன்டெல் போர்டுகளில் அந்தச் சிப்பின் முதல் 4 கிலோபைட் டிஸ்கிரிப்டர் எனப்படும். மற்றப் பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, யார் எதைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்பதை அது வரையறுக்கிறது. அடுத்து, போர்டின் சிப்செட்டுக்குள் தனியே இயங்கும் சிறு கணினியான மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கு உரிய பகுதி வரும். இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள போர்டுகளில், நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரியைத் தாங்கிய 8 கிலோபைட் ஈதர்நெட் பகுதி தனியாக இருக்கும். கடைசியில் பயாஸ் பகுதி. அதற்குள்ளேயே, நாம் செட்டப் திரையில் சேமிக்கும் அமைப்புகளை வைத்திருக்கும் என்விரேமும், போர்டின் சீரியல் எண்ணும் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணும் அடங்கிய சிறு பகுதியும் இருக்கின்றன. ஏஎம்டி போர்டுகளில் டிஸ்கிரிப்டர் கிடையாது. அங்கே பாதுகாப்புப் பிராசஸருக்கான ஃபர்ம்வேரும் பயாஸும் ஒரே சிப்பைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அறிகுறிகளைப் படிக்க முடியும். கணினி பூட் ஆகி நன்றாக ஓடி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்றால், பிராசஸர் சூட்டையோ பவர் சப்ளையையோ சந்தேகிப்பதற்கு முன் மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பகுதி செல்லாததாக இருந்தால் 30 நிமிடத்தில் கணினியை நிறுத்திவிடும் ஏற்பாடு இன்டெல் தளங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. செட்டப் திரையில் எஞ்சின் பதிப்பு 0.0.0.0 என்று காட்டுவதும், விசிறிகள் ஓயாமல் முழு வேகத்தில் சுற்றுவதும் அதே பக்கம் கைகாட்டும் அறிகுறிகள். பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி ஒரு கணம் சுற்றி நின்று, மறுபடி சுற்றி நிற்கிறது என்றால், டிஸ்கிரிப்டர் கெட்டிருக்கலாம், அல்லது பூட்டின் தொடக்கக் குறியீடே கெட்டிருக்கலாம். விசிறி சீராகச் சுற்றுகிறது, போஸ்ட் குறியீடுகள் (தொடக்கச் சோதனையின் கட்டத்தைக் காட்டும் எண்கள்) ஓரளவு முன்னேறி ஏதோ ஓர் எண்ணில் நிற்கின்றன என்றால், தொடக்கக் குறியீடு உயிரோடு இருக்கிறது. பின்னால், டிரைவர்கள் ஏறும் டிஎக்ஸ்இ கட்டத்தில் ஏற்றப்படும் மாட்யூல் ஒன்றில்தான் கோளாறு. நாம் சேர்த்த மாட்யூலே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்து நெட்வொர்க் மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது மேக் முகவரி 88:88:88:88:87:88 என்று காட்டுகிறது என்றால், ஈதர்நெட் பகுதியின் மேல் பொதுவான இமேஜ் (சிப்பில் எழுதுவதற்கான கோப்பு) ஒன்று எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

சிமாஸ் கிளியர் செய்வது

பேட்டரியைக் கழற்றியோ ஜம்பரைச் சேர்த்தோ அமைப்புகளை அழிப்பது: முதலில் எல்லோரும் செய்வது இதுதான். செய்வதில் தவறும் இல்லை. ஆனால் அதனிடம் எதிர்பார்க்கத் தக்கது எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். சிஆர்2032 பேட்டரி காப்பாற்றிவைப்பது கடிகாரத்தையும் சிமாஸ் எனப்படும், சில நூறு பைட் அளவுள்ள ஒரு சிறு நினைவகத்தையும் மட்டுமே. இன்றைய யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) போர்டுகளில் பெரும்பாலான அமைப்புகள் ஃப்ளாஷ் சிப்பில் உள்ள என்விரேமில் சேமிக்கப்படுகின்றன. பேட்டரியை ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைத்தாலும் அவை அங்கேயே இருக்கும். ஜம்பரைச் சேர்த்ததைக் கண்டறிந்து, அடுத்த பூட்டில் என்விரேமையும் இயல்பு நிலைக்குத் திருப்பும்படி பல தயாரிப்பாளர்கள் பயாஸை எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேண்டிய பயாஸே ஓடவில்லை என்றால் அது நடக்காது.

ஆக, ரீசைசபிள் பாருக்காக அபவ் 4ஜி டிகோடிங் என்ற அமைப்பை இயக்கிவிட்டு டிஸ்ப்ளே வராமல் போனவருக்கும், ரேம் நேரங்களை மாற்றிவிட்டுத் தவிப்பவருக்கும் சிமாஸ் கிளியர் சரியான வழி. மாட்யூல் சேர்த்த இமேஜால் நின்றுபோன போர்டுக்கு அது உதவும் வாய்ப்பு குறைவு. ஒருமுறை செய்துபார்த்துப் பலன் இல்லையென்றால் அடுத்ததற்குச் செல்லலாம்.

கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது

விண்டோஸிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ ஃப்ளாஷ் செய்யும் கருவி பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது, ஆனால் கணினி இன்னும் அணையவில்லை என்றால், அந்தக் கணத்தைவிட நல்ல வாய்ப்பு பிறகு கிடைக்காது. இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குத் தேவையானவை எல்லாம் ஏற்கனவே ரேமில் ஏறிவிட்டன. சிப் பாதி அழிந்திருந்தாலும் கணினி தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் செய்யாமல், ஸ்லீப்புக்கும் அனுப்பாமல், அதே கருவியைக் கொண்டு பழைய டம்பை மறுபடி எழுதி, எழுதியதைச் சரிபார்த்துவிட்டால் வேறு எந்த வழியும் தேவைப்படாது. பதற்றத்தில் ரீசெட் பட்டனை அழுத்துபவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே கைவிடுகிறார்கள். இதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கணினி பூட் ஆகிறது, ஆனால் திருத்தம் வேலை செய்யவில்லை என்ற நிலையில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. பயாஸ் செட்டப்பில் உள்ள தயாரிப்பாளரின் ஃப்ளாஷ் வசதியைக் கொண்டு அசல் பதிப்பை எழுதலாம். அல்லது இன்டெலின் ஃப்ளாஷ் புரோகிராமிங் டூல், ஃப்ளாஷ்ரோம் போன்ற கருவிகளைக் கொண்டு இயங்குதளத்திலிருந்தே எழுதலாம். முதல் வழி பாதுகாப்பானது. அது தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும், சீரியல் எண்ணைத் தொடாமல் விட்டுவைக்கும். ஆனால் அதே பதிப்பை மீண்டும் எழுதவோ பழைய பதிப்புக்குத் திரும்பவோ சில போர்டுகள் மறுக்கும். இரண்டாவது வழியில் எந்தப் பகுதியை எழுதுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் டிஸ்கிரிப்டரின் பூட்டு காரணமாக மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியை எழுத முடியாமல் போகலாம். ஆடியோ சிப்பின் குறிப்பிட்ட இரண்டு கால்களை இணைத்துக்கொண்டு பவர் ஆன் செய்து அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறக்கும் முறை ஒன்று உண்டு. கை ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் வேறு கால்கள் சேர்ந்துவிடும் என்பதால், அந்தப் பூட்டைத் திறக்கும் சர்வீஸ் ஜம்பர் இல்லாத போர்டுகளில் அதைவிடப் புரோகிராமரையே (சிப்பில் வெளியிலிருந்து நேரடியாக எழுதும் கருவியை) நான் பரிந்துரைப்பேன்.

போர்டே தரும் மீட்பு வசதிகள்

ஆசஸ் போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்றும், ஜிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்றும், எம்எஸ்ஐயில் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் என்றும் பெயர் பெற்ற வசதி, பிராசஸரும் ரேமும் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து சிப்புக்கு எழுதுகிறது. பவர் சப்ளை இணைந்திருந்து ஸ்டாண்ட்பை மின்சாரம் வந்தால் போதும். போர்டில் உள்ள தனிக் கட்டுப்படுத்தி இந்த வேலையைச் செய்வதால், கெட்டுப்போன பயாஸ் ஓட வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்ப்ளே வராத போர்டில் இந்தப் பட்டன் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இதில் எனக்கு ஐயமே இல்லை.

அது வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணங்களே இருக்கும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டிலேயே செருக வேண்டும். கோப்பின் பெயர் அந்த நிறுவனம் சொல்லும் பெயராகவே இருக்க வேண்டும். எம்எஸ்ஐக்கு ஒரு பெயர், ஜிகாபைட்டுக்கு வேறு பெயர், ஆசஸில் ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பெயர். விளக்கு சில நொடிகள் மின்னிவிட்டு அப்படியே நின்று எரிந்தால், கோப்பு ஏற்கப்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். அளவில் சிறிய, பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்து, ஒரே பார்ட்டிஷனாக்கி முயல்வது பல நேரங்களில் பலன் தரும்.

மாட் செய்த இமேஜை மீண்டும் எழுத இந்தப் பட்டனை நம்பலாமா என்பது வேறு கேள்வி. பழைய போர்டுகள் சிலவற்றில் இந்த வசதி கையொப்பத்தைப் பார்க்காமலேயே எழுதிவிடும். புதியவற்றில் பெரும்பாலும் பார்க்கும். எந்தெந்தப் பகுதிகளை அது எழுதுகிறது என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். ஆகையால் எஞ்சின் பகுதி கெட்ட போர்டில் ஃப்ளாஷ்பேக் வெற்றி என்று காட்டிய பிறகும் அரை மணி நேர அணைதல் தொடர்ந்தால் வியப்பதற்கு இல்லை. அங்கே புரோகிராமர்தான் கதி.

ஜிகாபைட்டின் டூயல் பயாஸ் கேட்பதற்கு இதைவிட நம்பிக்கை ஊட்டுவது: ஒரு சிப் கெட்டால் மற்றொன்று இருக்கிறது. நடைமுறையில், முதன்மைச் சிப்பின் இமேஜ் சிதைந்திருப்பதைத் தொடக்கக் குறியீடு கண்டுபிடித்தால்தான் இரண்டாவது சிப் தானாகப் பொறுப்பேற்கும். மாட் செய்த இமேஜ் எல்லாச் செக்சம் சோதனைகளிலும் தேறிவிட்டுப் பின்னால் ஒரு மாட்யூலில் தொங்கி நின்றால், அதைச் சிதைவாக அது கருதாமலே போகலாம். சிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் உள்ள மாடல்களில் நிலைமை மிக நல்லது: பேக்அப் சிப்பிலிருந்து பூட் செய்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை முதன்மைக்கு மாற்றி, அதன் மேல் அசல் பதிப்பை எழுதிவிடலாம். பேக்அப் சிப்பையும் திருத்திப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாத போர்டுகளிலும் லேப்டாப்களிலும் பூட் பிளாக் மீட்பு என்ற வழி இருக்கலாம். ஏஎம்ஐ பயாஸ்களில் ஏஎம்ஐபூட்.ரோம் என்ற பெயரிலோ போர்டுக்கு உரிய பெயரிலோ கோப்பைப் பென் டிரைவில் வைத்து, கன்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்தியபடி பவர் ஆன் செய்வார்கள். எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்துவார்கள். தொடக்கக் குறியீடு சிதையாமல் இருந்தால் மட்டுமே இது நடக்கும். முயல்வதற்கு ஒரு செலவும் இல்லை.

புரோகிராமரும் கிளிப்பும்

சிப்பின் கால்களில் நேரடியாகக் கிளிப்பை மாட்டி, வேறொரு கணினியிலிருந்து எழுதுவதுதான் எல்லா வழிகளிலும் முழுமையானது. டிஸ்கிரிப்டர் பூட்டு, கையொப்பச் சோதனை, பதிப்புத் தடை எதுவும் இங்கே குறுக்கே வராது. சிப்பின் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை படிக்கலாம், எழுதலாம். அதே சுதந்திரத்தால், தவறு செய்தால் தடுப்பாரும் இல்லை.

முதலில் மின்னழுத்தம். சிப்பின் மேல் அச்சடித்த எண்ணைப் பூதக்கண்ணாடியிலோ கைப்பேசிக் கேமராவிலோ பெரிதாக்கிப் பார்த்து, அதன் டேட்டாஷீட்டைத் தேடி எடுக்க வேண்டும். வின்பாண்டின் டபிள்யூ25கியூ128எஃப்வி 3.3 வோல்ட் சிப். கடைசி எழுத்து மட்டும் மாறி எஃப்டபிள்யூ என்று முடிந்தால் அது 1.8 வோல்ட் சிப். மேக்ரோனிக்ஸில் 25எல் என்று தொடங்குவது 3.3 வோல்ட், 25யூ என்று தொடங்குவது 1.8 வோல்ட். 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் அடாப்டர் கட்டாயம். பரவலாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரில் இன்னொரு குறை உண்டு: சிப்புக்குத் தரும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும், தகவல் செல்லும் இழைகள் 5 வோல்ட்டில் இயங்குகின்றன. பலருடைய போர்டுகள் இதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்றாலும், கிளிப் வழியாக அந்த 5 வோல்ட் சிப்செட்டையும் சென்றடைகிறது என்பதால், இழைகளின் மின்னழுத்தத்தையும் மாற்றும் வசதியுள்ள புரோகிராமரையோ, இயல்பாகவே 3.3 வோல்ட்டில் இயங்கும் ராஸ்பெரி பையையோ பயன்படுத்துவதே நல்லது.

அடுத்து, படிப்பது. பவர் சப்ளை கேபிளைக் கழற்றி, சிமாஸ் பேட்டரியையும் எடுத்துவிட்டு, சிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் குறிக்கிறது என்பதைக் கவனித்து, கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். பிறகு எழுதாமல், முதலில் படித்து ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும்; கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு முறை படித்து, இரண்டு கோப்புகளின் ஹாஷும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாகப் பற்றவில்லை, அல்லது சிப்புக்குத் தரும் மின்சாரத்தைப் போர்டின் மற்றப் பாகங்கள் உறிஞ்சுகின்றன. ஒன்றாக இருந்தாலும், கோப்பு முழுதும் ஒரே பைட்டாக நிரம்பியிருந்தால் அது படிப்பே அல்ல. இன்டெல் போர்டின் நல்ல டம்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், பெரும்பாலும் முதல் 16 பைட்டுகள் எஃப்எஃப் ஆகவும், அதை அடுத்து 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட்டுகளும் இருக்கும். அந்த நான்கும் கண்ணில் பட்டால் டிஸ்கிரிப்டர் அதன் இடத்தில் இருக்கிறது, கிளிப்பும் சரியாகப் பற்றியிருக்கிறது என்று ஓரளவு நிம்மதியடையலாம்.

கெட்டுப்போன சிப்பை எதற்காகப் படித்துச் சேமிக்க வேண்டும் என்று கேட்கலாம். திருத்தத்துக்கு முன் டம்ப் எடுக்கத் தவறியவருக்கு, அவருடைய போர்டின் மேக் முகவரி, சீரியல் எண், விண்டோஸ் உரிமச் சாவி, டிஸ்கிரிப்டர் எல்லாம் எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தக் கெட்ட சிப்தான். பெரும்பாலான கோளாறுகளில் பயாஸ் பகுதியின் ஒரு துண்டுதான் சிதைந்திருக்கும். மற்றவை நலமாக இருக்கும். அந்த டம்பை எடுத்து, பயாஸ் பகுதியை மட்டும் தயாரிப்பாளரின் அசல் கோப்பிலிருந்து மாற்றி வைத்து எழுதினால் போர்டு தன் அடையாளத்தோடு எழும். பயாஸ் பகுதிக்குள் இருக்கும் சீரியல் எண்ணை மட்டும் பழைய டம்பிலிருந்து எடுத்து மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய பயாஸ் கோப்பை அப்படியே சிப்பில் எழுதக் கூடாது. 128 மெகாபிட் சிப்பின் கொள்ளளவு சரியாக 16,777,216 பைட். ஆசஸின் கேப் கோப்பு பல மாடல்களில் 16,779,264 பைட் இருக்கும். அதாவது 2,048 பைட் கூடுதல். அந்தக் கூடுதல் என்பது முன்னால் ஒட்டியிருக்கும் கேப்சூல் தலைப்பு. அதை நீக்காமல் எழுதினால் சிப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டும் 2,048 இடம் தள்ளி விழும்; போர்டு எழவே எழாது. மாறாக, பல லேப்டாப்களின் கோப்பு சிப்பைவிடச் சிறியதாக இருக்கும், ஏனெனில் அதில் பயாஸ் பகுதி மட்டுமே இருக்கும். அதைச் சிப்பின் தொடக்கத்திலிருந்து எழுதினால் டிஸ்கிரிப்டர் அழிந்துவிடும். கோப்பின் அளவும் சிப்பின் அளவும் பைட் கணக்கில் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆக, மேனேஜ்மென்ட் எஞ்சின் அல்லது டிஸ்கிரிப்டர் கெட்டவர்கள், ஃப்ளாஷ்பேக் பட்டன் இல்லாதவர்கள், டம்ப் கையில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே சிறந்த வழி. கால்கள் வெளியே நீட்டாத, அடியில் தட்டையாக ஒட்டிய டபிள்யூசன்8 வகைச் சிப் என்றால் கிளிப் பற்றாது. அழுத்திப் பிடிக்கும் ஊசி முனைகள் தேவைப்படும், அல்லது சிப்பைக் கழற்றியாக வேண்டும்.

சிப்பையே மாற்றுவது

பழைய போர்டுகள் சிலவற்றில் சிப் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். அங்கே, எழுதிக் கொடுக்கப்பட்ட புதிய சிப்பை வாங்கிச் செருகுவது மிக எளிது. சால்டரிங் தேவைப்படும் போர்டில், புரோகிராமர் கொண்டு மூன்று நான்கு முறை எழுதியும் சரிபார்ப்பில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பிழை வந்தால்தான் சிப் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி மாற்ற வேண்டும்.

எழுதிக் கொடுக்கப்பட்ட சிப்பில் இரண்டு குறைகள் உண்டு. போர்டின் ரிவிஷன் எண் வரை பொருந்த வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து ரிவிஷன் வேறானால் வேறு பயாஸாகவே இருக்கலாம். இன்னொருவர் போர்டிலிருந்து எடுத்த டம்பை அப்படியே எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அதில் வேறொரு கணினியில் ஓடித் தொடக்க அமைப்பு முடிந்த எஞ்சின் பகுதியும், வேறொருவருடைய மேக் முகவரியும் வரும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியோடு இருந்தால் இரண்டுமே தடுமாறும். வெற்றுச் சிப்பை வாங்கி நம் டம்பை நாமே எழுதிக்கொள்வது இதைவிட எவ்வளவோ மேல்.

ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு போர்டிலிருந்து சிப்பைப் பிடுங்கி, கெட்ட சிப்பை அதில் செருகி எழுதும் முறை ஒரு காலத்தில் வழக்கில் இருந்தது. மலிவான புரோகிராமர் கிடைக்கும் இந்நாளில், நல்ல போர்டு ஒன்றையும் ஆபத்தில் வைக்கும் அந்த முறையை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த வழியும் பலிக்காத ஓர் இடம்

2013-இல் வந்த நான்காம் தலைமுறை கோர் பிராசஸர்களோடு இன்டெல் அறிமுகப்படுத்திய பூட் கார்டு (Boot Guard) என்ற பாதுகாப்பு ஏற்பாடு, தயாரிப்பாளரின் சாவியினுடைய ஹாஷை சிப்செட்டில் நிரந்தரமாகப் பதித்துவிடுகிறது. பயாஸின் தொடக்கக் குறியீட்டில் ஒரு பைட் மாறினாலும் கணினி உடனேயோ சற்று நேரத்திலோ நின்றுவிடும்படி தயாரிப்பாளர் அமைத்திருக்கலாம். ஏஎம்டியிலும் இதே நோக்கத்துக்கான ஏற்பாடு உண்டு. தனியாக விற்கப்படும் மதர்போர்டுகளைவிடப் பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களிலும் அலுவலகக் கணினிகளிலும் இது இயக்கத்தில் இருப்பதை அதிகம் காணலாம். புரோகிராமர் கொண்டு எழுதினாலும் இந்தச் சோதனையைத் தாண்ட முடியாது, ஏனெனில் சோதனை ஃப்ளாஷ் சிப்பில் இல்லை. இத்தகைய கணினியில், தொடக்கக் குறியீட்டைத் தொட்ட திருத்தத்தை மறுபடி மறுபடி வேறு கருவிகளால் செய்துபார்ப்பது வீண். அசல் பதிப்பை எழுதினால் அது எழும். அதோடு விட்டுவிட வேண்டும்.

மீண்ட பிறகு: மறுபடி திருத்துவதா, வேறு வழி தேடுவதா

போர்டு எழுந்ததும் அடுத்த தேர்வு காத்திருக்கிறது. திருத்திய முறையில் இருந்த பிழை தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே மறுபடி முயல்வதில் பொருள் உண்டு. என்விஎம்இ மாட்யூல் சேர்க்கும்போது நேரும் வழக்கமான பிழை, எடிட் செய்த கருவி பேட் ஃபைல்களை (காலி இடத்தை நிரப்பும் கோப்புகளை) நீக்கிவிடுவதோ இடம் மாற்றிவிடுவதோ ஆகும். அசல் இமேஜையும் திருத்திய இமேஜையும் யூஇஎஃப்ஐ டூல் என்ற பயாஸ் எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, டிஎக்ஸ்இ வால்யூமின் கடைசி வரிகளை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்: சேர்த்த ஒரு மாட்யூலைத் தவிர வேறு எந்த வரியும் மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் எம்எம் டூல் என்ற மற்றொரு எடிட்டருக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ டூலின் பழைய 0.28 பதிப்பைக் கொண்டோ, அல்லது அதற்கு எதிர்மாறாகவோ செய்துபார்க்கலாம். மைக்ரோகோடு (பிராசஸருக்கான திருத்தக் குறியீடு) மாற்றியவர்கள், மைக்ரோகோடுகளின் இடத்தைச் சுட்டும் ஃபிட் அட்டவணை புதிய இடங்களைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டவணை பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தால் கோளாறு அங்கேதான்.

பிழை தெரியவில்லை என்றால், பயாஸைத் தொடாமலேயே நோக்கத்தை அடைய முடியுமா என்று பார்ப்பது மேல். என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆவதற்கு, அதற்கான டிரைவரோடு குளோவர் பூட்லோடரைச் சிறு பென் டிரைவில் வைத்தாலே போதும். ஒரு யூஎஸ்பி போர்ட் நிரந்தரமாகப் போகும், பூட் நேரம் சில நொடிகள் கூடும், ஆபத்து எதுவும் இல்லை. பாதுகாப்புக் குறைகளுக்கான மைக்ரோகோடை விண்டோஸும் லினக்ஸும் பூட் ஆகும்போதே தாமாக ஏற்றிக்கொள்கின்றன. அதற்காகச் சிப்பில் எழுத வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. ஆதரவு இல்லாத பிராசஸருக்கும் ரீசைசபிள் பாருக்கும் இவ்வளவு எளிய சுற்றுவழி கிடையாது.

எந்த வழியில் மீண்டாலும் கணினியைப் பழையபடி வேலைக்குக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட் நிலை மாறியதாலோ டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) அழிக்கப்பட்டதாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் கிடைக்கும்வரை டிபிஎம்மை அழிக்கலாமா என்று திரை கேட்கும் கேள்விக்குச் சரி என்று அழுத்தக் கூடாது. மேக் முகவரி போர்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா, சீரியல் எண் காலியாக இல்லையா, எஞ்சின் பதிப்பு பூஜ்யமாக இல்லையா என்று பார்த்துவிட்டு, கணினியை ஒரு மணி நேரமாவது அணைக்காமல் ஓட விட வேண்டும். அது அணையாமல் ஓடினால், இப்போதைய நல்ல நிலையைப் புரோகிராமராலோ இயங்குதளக் கருவியாலோ முழுதாக ஒரு டம்ப் எடுத்து, அதே கணினியின் டிரைவில் வைக்காமல் வேறொரு இடத்தில் போர்டின் மாடல், ரிவிஷன் எண்ணோடு பெயரிட்டுச் சேமித்துவிடலாம்.